மத்தி எண்ணெய் மிதந்த கிணறு

நிபுணர் எழுதியது பொய். தெரியாமல் செய்த தவறு இல்லை. தெரிந்தே எழுதிய பொய்.

பாறை, மண் ஆராயும் நிபுணர் அவர். சில வாரங்களுக்கு முன் இதே பத்திரிகையில் தம் இளமைக் கால அனுபவங்களைச் சொன்னார். பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பெட்ரோலியம் தேடிய கதை அதில் வந்தது. ஒரு குடியானவன் கிணற்றில் எண்ணெயை ஊற்றி வைத்துக் கம்பெனியை ஏமாற்றினானாம். அனுபவமில்லாத வயது என்பதால் தாமும் ஏமாந்து போனாராம். படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

அந்தக் குடியானவன் பெயர் நாச்சிமுத்து. என் அக்காவின் புருஷன். அன்று கிணற்றடியில் நானும் நின்றேன். நிபுணரின் காரை ஓட்டியவன் நான்தான்.

இந்த வாரம் குமுளி ரோட்டில் முதல் பஸ் விட்ட கதையை எழுதுவதாக இருந்தேன். அது கிடக்கட்டும்.

கிணற்றுக்குள் ஒரு குச்சி

மாசி மாதக் காலை. எங்கள் பக்கத்தில் மார்கழியில் கிளம்பும் காற்று மாசி வரை அடங்காது. கிழக்கேயிருந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து, பனையோலையைப் போட்டு அடித்துக்கொண்டே இருக்கும். பேசினால் கத்திப் பேச வேண்டும். கிணற்றுக்குள் இறங்கினால்தான் காது அடங்கும்.

நிபுணர் படியில் இறங்கினார். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, கையில் ஒரு பனைமட்டைக் குச்சி. பின்னால் நாச்சிமுத்து மச்சான், அவருக்குப் பின்னால் நான். மேலே விளிம்பில் பஞ்சு முதலாளி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் பஞ்சு வியாபாரம் செய்தவர், அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர். இப்போது இல்லை. அதனால் அவரைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை.

தண்ணீர் மேல் பாலேடு மாதிரி ஆடை படர்ந்திருந்தது. வெயில் பட்ட இடத்தில் மயில் கழுத்து நிறம்.

நிபுணர் குச்சியால் அதைக் கிழித்தார். எனக்குச் சொல்லிக்கொண்டே கிழித்தார். இரும்புச் சத்துள்ள தண்ணீரிலும் இப்படி ஆடை வரும், ஆனால் குச்சி பட்டால் அப்பளம் மாதிரி உடைந்து துண்டு துண்டாக நிற்கும், எண்ணெயாக இருந்தால் விலகிவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்றார்.

விலகியது. ஒட்டிக்கொண்டது.

குச்சி நுனியை மூக்கருகே கொண்டுபோனார். முகத்தைச் சுளித்து மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

"மீன் நாத்தம் அடிக்குதே."

"ஏனுங்க, அது நம்ம சால் எண்ணெய்ங்க. மத்தி எண்ணெய். நேத்துத்தான் தோலுக்குப் போட்டனுங்க."

மச்சான் சொன்னது இவ்வளவுதான். மறைக்கவில்லை, இழுக்கவில்லை. கேட்ட உடனே சொன்னார்.

தோல் வாலும் மீன் எண்ணெயும்

மாட்டுக் கவலை ஓட்டாத ஊரில் பிறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் இரும்புச் சாலின் அடியில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் வால் தொங்கும். தண்ணீர் அந்த வழியாகத்தான் வாய்க்காலில் விழும். காய்ந்தால் தோல் வெடித்துவிடும். அதனால் கோடை இறவை தொடங்கும் முன் தோலுக்கு எண்ணெய் ஊட்டுவார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பொன்னானிப் பக்கமிருந்து தகர டின்னில் வரும் மத்தி மீன் எண்ணெய். விலை குறைவு, நாற்றம் அதிகம். எங்கள் ஊரில் மீன் பிடிக்க ஆறும் சரியாக இல்லை. இருந்தும் மாசி மாதம் ஊர் முழுக்கக் கடற்கரை மாதிரி நாறும்.

எண்ணெய் போட்ட மறுநாள் இறைக்கும் தண்ணீரைப் பயிருக்கு விடமாட்டார்கள். நாற்று மஞ்சள் பூக்கும் என்பார்கள். வண்டித் தடத்தில் விட்டுக் கழித்துவிடுவார்கள். கிணற்றில் படிந்த ஆடையை வைக்கோல் பிரியைப் போட்டு இழுத்து எடுத்துவிடுவார்கள். வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை வரை எந்தக் கிணற்றுக்குப் போனாலும் இதே கதைதான்.

அன்றைக்கு மச்சான் வைக்கோல் பிரியோடுதான் நின்றார். கழிக்கப் போகும் நேரத்தில் கார் வந்து நின்றது.

புட்டுக் கடையில் ஒரு பாடம்

நிபுணர் முட்டாள் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் நானும் பொய் எழுதியவன் ஆவேன். பாறையைப் பற்றி அவரை மாதிரி சொல்லித் தரக்கூடியவரை அதற்கு அப்புறம் நான் பார்க்கவில்லை.

அதற்கு முந்தின வாரம் கோயம்புத்தூரிலிருந்து வரும்போது வாளையாற்றில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினேன். மூன்று பேரும் ஒரு கடையில் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட உட்கார்ந்தோம். வடக்கே மலைச் சுவர், தெற்கே மலைச் சுவர், நடுவில் நாங்கள். ரயிலும் ரோடும் காற்றும் ஒரே சந்தில் நுழைகிற இடம். இவ்வளவு நீள மலைத் தொடரில் இந்த ஒரு இடம் மட்டும் ஏன் திறந்து கிடக்கிறது என்று பஞ்சு முதலாளி கேட்டார்.

நிபுணர் இலையில் இருந்த புட்டைப் படுக்க வைத்தார். இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் இழுத்தார். நடுவில் இரண்டு இடத்தில் சாய்வாக வெடித்தது. வெடிப்புகளுக்கு நடுவிலிருந்த துண்டு கீழே இறங்கியது.

பூமியின் மேல் ஓடும் இப்படித்தான் என்றார். கீழேயிருந்து ஏதோ ஒரு விசை அதை இரண்டு பக்கமும் இழுக்கும். ஓடு மெலியும், விரியும், வெடிக்கும். இரண்டு வெடிப்புக்கு நடுவிலுள்ள நிலம் சறுக்கிக்கொண்டு கீழே போகும். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் நீளப் பள்ளம். ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை. நம் நகம் வளரும் வேகம்கூட இருக்காது. ஆப்பிரிக்காவில் அப்படி இறங்கிய பள்ளங்களில் கடல் மாதிரி ஏரிகள் நிற்கின்றன என்றார்.

பிறகு பள்ளத்தில் கடலைக்கறியை ஊற்றினார்.

"இதுதான் ஏரி. ஆறு வந்து விழும், சேறு கொண்டு வரும். பாசி, மீன், பூச்சி எல்லாம் செத்து அடியில போகும். அடியில காத்து கிடையாது. அதனால முழுசா அழுகாது."

பள்ளம் இறங்கிக்கொண்டே இருக்கும், சேறு விழுந்துகொண்டே இருக்கும். மேலே பாரம், கீழே சூடு. ஓடு மெலிந்த இடம் என்பதால் சூடு சீக்கிரம் மேலே ஏறும். அந்தச் சூட்டில் சேற்றிலிருக்கும் செத்த பாசி வெந்து எண்ணெய் ஆகும். எண்ணெய் லேசானது, மேலே ஏறப் பார்க்கும். மணற்கல் கிடைத்தால் அதன் சந்துகளில் புகுந்துகொள்ளும். அதற்கு மேல் களிமண் மூடி இருந்தால் நிற்கும். சாய்ந்து இறங்கிய துண்டின் மேல் ஓரத்தில்தான் பெரும்பாலும் போய்த் தங்கும். மூடி இல்லையென்றால் வழிந்து வீணாகும். சூடு போதாவிட்டால் எண்ணெய் பிறக்காது, மிஞ்சினால் ஆவியாகிவிடும். சேறு, சூடு, மணல், மூடி. இதில் ஒன்று குறைந்தாலும் பள்ளம் வெறும் பள்ளம்தான்.

அப்படியானால் பாலக்காட்டுக் கணவாயும் பள்ளம்தானே என்றார் முதலாளி.

"இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். பள்ளம் இருந்தா போதாது சார். குழம்பு ஊத்தியிருக்கணும்."

சொல்லிவிட்டு அந்த ஏரியை, மலையை, சேற்றை எல்லாம் பிசைந்து சாப்பிட்டுவிட்டார். முதலாளிக்குப் பள்ளம் என்ற வார்த்தை மட்டும்தான் காதில் ஏறியது. கடைக்காரர் இலையை எடுக்கும்போது, என்ன சாமி, புட்டு நன்றாயில்லையா, இப்படிப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டீர்களே என்று கேட்டார்.

தேடியதை நான் குற்றம் சொல்லவில்லை. இப்போது எல்லாம் தெரிந்த மாதிரி பேசலாம். அந்தக் காலத்தில் கணவாய் எப்படி உண்டானது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. துளை போட்டுப் பார்த்தால்தான் தெரியும். எண்ணெய் தேடுகிறவர்கள் போடுகிற துளையில் பெரும்பாலானவை வெறுந்துளைதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். வெறுந்துளை போடுவது அவமானம் இல்லை.

கழிக்காதீங்க

மறுபடி கிணற்றுக்கு வருகிறேன்.

மச்சான் உண்மையைச் சொன்னதும் நிபுணர் சிரித்தார். குச்சியைக் கீழே போட்டார். மேலே நின்ற முதலாளி, என்ன, எண்ணெயா என்று கத்தினார். நிபுணர் ஒரு படி கீழே இறங்கினார். மச்சானிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"ரெண்டு நாள் இதைக் கழிக்காதீங்க. கோயமுத்தூர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. பாத்துட்டுப் போகட்டும்."

"மத்தி எண்ணெயைப் பாக்கறதுக்கு எதுக்குங்க அத்தனை தூரம் வரோணும்?"

"சும்மா பாக்கட்டும்."

மச்சான் வைக்கோல் பிரியை ஓரமாகச் சாய்த்து வைத்தார். இதுதான் நடந்தது.

கம்பெனியில் பங்கு போடும் பணக்கார ஆட்கள் வந்தார்கள். பட்டு உருமால், தங்கப் பொத்தான். படியில் இறங்கி மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். என்ன இது, மீன் நாற்றம் அடிக்கிறது என்று ஒருவர் கேட்டார். பஞ்சு முதலாளிக்குப் புட்டுக்கடைப் பாடம் அப்போதுதான் உதவியது. மண்ணெண்ணெய் என்பதே செத்த மீன்தான், இது கோடி வருஷத்து மீன் என்று விளக்கம் கொடுத்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் விரலை நனைத்து, அசல் மண்ணெண்ணெய் வாசம் என்றே சொல்லிவிட்டார். என் அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "அப்படீன்னா நம்ம ஊட்டுப் பூனை இந்நேரம் லட்சாதிபதி" என்றாள். வந்தவர்களுக்கு அது காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

நிபுணர் அங்கேயேதான் நின்றார். தெற்கே நெல்லியாம்பதி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மச்சானுக்கு வேண்டியது

உண்மையைச் சொன்ன மனிதன் துளை போடக் கிணற்றை ஏன் கொடுத்தான் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

எங்கள் பூமி மழை மறைவுப் பூமி. பாலக்காட்டில் ஊற்றும் மழை எங்களிடம் வரும்போது தூறலாகிவிடும். எங்கள் சித்தூர்ப் பக்கம் கொச்சி ராஜாவுடையது, வாளையாறு தாண்டினால் வெள்ளைக்காரன் ஜில்லா. இரண்டு சர்க்காரும் கிணறு ஆழப்படுத்த எங்களுக்கு இயந்திரம் தந்ததில்லை. மச்சானின் கிணறு சித்திரையில் அடி தட்டும். அதற்குக் கீழே கல். எவ்வளவு தூரம் கல் என்று யாருக்கும் தெரியாது.

கம்பெனி நீராவி எஞ்சினோடு துளைபோடும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. கிணற்று அடியிலேயே போட்டால் மேல் மண்ணைத் தோண்டும் வேலை மிச்சம் என்றார்கள். மச்சான் சம்மதித்தார். அவர் போட்ட நிபந்தனையை அப்படியே எழுதுகிறேன்.

"எண்ணெய் வந்தா நீங்க கொண்டு போயிருங்க. தண்ணி வந்தா எனக்கு உட்டுருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வெறும் இலை

துளைக்குழாய் மேலே வரும்போதெல்லாம் உள்ளே உருளைக் கல் குச்சி மாதிரி வரும். அதை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்குவார்கள். சாம்பல் நிறம், நடுவில் வெள்ளையும் கறுப்புமாக வரி. முதல் நாள் வந்த கல்லும் பங்குனிக் கடைசியில் வந்த கல்லும் ஒன்றேதான். சேறு இல்லை. மணற்கல் இல்லை. சங்கு, சிப்பி, இலைத் தடம் ஒன்றும் இல்லை.

ஒரு சாயங்காலம் காரில் போகும்போது பஞ்சு முதலாளி இன்னும் எவ்வளவு ஆழம் என்று கேட்டார். பின்சீட்டில் இருந்த நிபுணர் சொன்னதை நான் கேட்டேன். கண்ணாடியில் அவர் முகத்தையும் பார்த்தேன்.

"எவ்வளவு போனாலும் இதே கல்லுதான். உயிர்ங்கிறதே பிறக்காத காலத்துல வெந்து இறுகின கல். இங்க ஏரியும் இருந்ததில்ல, சேறும் விழுந்ததில்ல. புட்டும் இல்ல, குழம்பும் இல்ல. வெறும் இலை."

தேடுவதானால் கிழக்குக் கடற்கரைப் பக்கம் போக வேண்டும், அரியலூர்ப் பக்கம் சங்கு சிப்பியோடு சேற்றுக்கல் கிடைக்கிறது, அங்கே தேடுவதில் அர்த்தம் உண்டு என்றும் சொன்னார். முதலாளி, இன்னொரு கூட்டம் சித்திரையில் பார்க்க வருகிறது, அதுவரை எஞ்சின் ஓடட்டும் என்றார். நிபுணர் சரி என்றார். ஒரே வார்த்தை. சரி.

அன்றே மச்சானிடம் போய்ச் சொன்னேன். இவர்களுக்கே நம்பிக்கை இல்லை, நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். மச்சான் துளையைப் பார்த்துக்கொண்டே, எண்ணெய்க்குத்தானே நம்பிக்கை இல்லை, தண்ணிக்கு இருக்குதில்ல, போவட்டும் மாப்ள என்றார். அவர் மேல் எனக்கு அன்று கோபம் வந்தது. இன்று இல்லை.

சித்திரையில் துளைக்கருவி கல்லில் சிக்கிக்கொண்டது. இழுத்தார்கள், வரவில்லை. வெடி வைத்து எடுக்கச் சொன்னார் முதலாளி. இந்தக் கல்லில் தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கும், கையை வைத்தால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது என்று எனக்குப் பாடம் சொன்னவர் அங்கேதான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

வெடி வைத்தார்கள். கருவி வந்தது. கிணற்று அடியில் இருந்த கொஞ்சத் தண்ணீரும் குளியலறை ஓட்டையில் இறங்குவது மாதிரி சுழித்துக்கொண்டு இறங்கியது. ஆனி, ஆடி மழைக்குப் பிறகும் திரும்பவில்லை. ஊற்று வேறு பக்கம் போய்விட்டது.

எஞ்சினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மரப்பெட்டியையும் கற்களையும் விட்டுப் போனார்கள். அக்கா அந்தக் கற்களை மாட்டுத் தொட்டிக்கு முட்டுக் கொடுத்தாள். ஊர்ப் பெண்கள் அவளை 'எண்ணெய்க் கெணத்துக்காரி' என்றார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லாத வீட்டுக்காரியை அப்படிக் கூப்பிட்டார்கள்.

சக்குபள்ளத்துக்கு ஒரு பஸ்

மறு வருஷம் மச்சான் மாடுகளை விற்றார். சக்குபள்ளத்தில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். சொந்த பூமியில் கவலை ஓட்டிய மனிதன், புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையுமாக, மலையில் களை வெட்டப் போனார். அப்போது நான் கம்பம், குமுளி ரோட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் ஓட்டிய பஸ்ஸிலேயே ஏறினார்கள். அக்கா பின்சீட்டில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மச்சான் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு பாறையில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒன்று சொன்னார்: "இங்க யாரும் தோண்டலியே, மாப்ள. தானா வருது."

அவர்கள் பிள்ளை நாட்ராயன் இப்போது வண்டிப்பெரியாரில் தேயிலை பேக்டரியில் வேலை செய்கிறான். கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கிறார்கள். நிபுணரின் கட்டுரை வந்த வாரம் டீக்கடையில் யாரோ அதை உரக்கப் படித்திருக்கிறார்கள். அவனுடைய ஊர்ப் பெயர் அதில் இருந்தது. தோட்டக் குடியிருப்பு லயத்துக்காரன் ஒருவன், திருநெல்வேலிப் பக்கத்து ஆள், எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறான்:

"ஏலே, கெணத்துல எண்ணெய ஊத்தி ஊர ஏமாத்துனது ஒங்கப்பந்தானா? ஒன் டீயில ஏதும் ஊத்திறாதலே."

கடை முழுக்கச் சிரித்தது. நாட்ராயன் அடிக்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து என் வீட்டுக்கு பஸ் ஏறினான். அந்தப் பத்திரிகையை மேசையில் போட்டான். "மாமா, நீங்க அங்க இருந்தீங்கல்ல. சொல்லுங்க" என்றான். சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

நாச்சிமுத்து மச்சான் சக்குபள்ளத்தில் உயிரோடுதான் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். கட்டுரையைப் படித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டார். "நாந்தான் சொன்னனே, மத்தி எண்ணெய்னு. அந்த ஐயா மறந்துட்டாருங்களா?" என்றார். அவருக்கு இன்னும் அது பொய் என்று தோன்றவில்லை. மறதி என்றே நினைக்கிறார்.

நிபுணரே, நான் மறதி என்று நினைக்கவில்லை. பாறையின் வயதை ஞாபகம் வைத்திருப்பவர் நீங்கள். கிணறு போனதை நான் கேட்கவில்லை, அதற்கு உங்களிடம் பதில் கிடையாது. நான் கேட்பது இரண்டே கேள்விகள். மத்தி எண்ணெய் என்று அந்த மனிதர் உங்களிடம் சொன்னாரா, இல்லையா? கழிக்காதீங்க என்று நீங்கள் சொன்னீர்களா, இல்லையா?

எனக்குத் தனியாக எழுதி அனுப்ப வேண்டாம். ஆள் மூலம் சொல்லியும் விட வேண்டாம். பொய்யை எந்தப் பத்திரிகையில் எழுதினீர்களோ, அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், நாச்சிமுத்து என்று அவர் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். வண்டிப்பெரியார் டீக்கடையில் அதையும் உரக்கப் படிக்கட்டும். சக்குபள்ளத்தில் நான் படித்துக் காட்டுகிறேன். அவருக்குக் காது கேட்கும்போதே எழுதுங்கள்.